எட்டுக் கிலோ பொக்லைன்

கோடையில் வற்றிய கண்மாயைத் தூர்வார வேண்டுமா, குவாரியில் கல் அள்ள வேண்டுமா, விராலிமலை வட்டாரத்தில் முதலில் வந்து நிற்பது செயின் பொக்லைன்தான். நடுத்தர வண்டி ஒன்றின் எடை சுமார் 22 டன். இதையே நீள, அகல, உயரங்களில் 14-இல் ஒரு பங்காகச் சுருக்கி, ரிமோட்டில் ஓட்டும் மாதிரி வண்டிகள் இருக்கின்றன. அவற்றுள் உயர்ந்த ரகத்தைப் பிரித்துப் பார்த்தால் பம்ப், எண்ணெய், வால்வு, சிலிண்டர் எல்லாமே நிஜம்.

சுருக்குவதில் ஒரு கணக்கு விளையாட்டு இருக்கிறது. நீளம் 14 மடங்கு குறைந்தால் பரப்பு 196 மடங்கு குறையும். கன அளவோ 2,744 மடங்கு. எடை கன அளவோடு போவதால், 22 டன் வண்டி 8 கிலோவாகிவிடும். சிலிண்டரின் பலம் பரப்பைப் பொறுத்தது. அது 196 மடங்குதான் குறைந்திருக்கிறது. ஆகவே அந்த எடையைத் தூக்க, பெரிய வண்டியின் எண்ணெய் அழுத்தத்தில் 14-இல் ஒரு பங்கே போதும். பெரிய வண்டியில் சுமார் 340 பார் என்றால், சின்னதில் 24 பார். மாதிரி வண்டிகளின் பம்புகள் ஏறத்தாழ இந்த அளவை ஒட்டியே அமைக்கப்படுகின்றன.

24 பார் அற்பமல்ல. கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல் பத்து மடங்கு. 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள, விரல் பருமனான சிலிண்டர் இந்த அழுத்தத்தில் சுமார் 28 கிலோ எடைக்குச் சமமான விசையோடு தள்ளும்.

தள்ளச் சொல்லும் கட்டளை எப்படி வருகிறது? ரிமோட்டில் லீவரை நகர்த்தினால், வண்டிக்குள் இருக்கும் ரிசீவர் ஒரு மெல்லிய கம்பி வழியே விநாடிக்கு 50 மின் துடிப்புகளை அனுப்புகிறது. செய்தி துடிப்பின் நீளத்தில் இருக்கிறது. 1,500 மைக்ரோ விநாடி நீடித்தால் 'நடுவில் நில்' என்று பொருள். 1,000 என்றால் ஒரு கோடி, 2,000 என்றால் மறுகோடி. (பத்து லட்சம் மைக்ரோ விநாடி சேர்ந்தது ஒரு விநாடி.) துடிப்பை அளந்து அச்சைத் திருப்பும் குட்டி மோட்டாருக்கு 'சர்வோ' என்று பெயர். அது வால்வைச் சிறிதே திறந்தால் கை மெல்ல உயரும். அகலத் திறந்தால் விரைந்து உயரும்.

எண்ணெயைத் தள்ளுவது பற்சக்கரப் பம்ப். அதைச் சுழற்றும் மோட்டாருக்கு மூன்று கம்பிகள். எந்தக் கணத்திலும் இரண்டில்தான் மின்சாரம் ஓடும். மூன்றாவது கம்பியில் தோன்றும் மின்னழுத்தத்தை வைத்து, சுழலும் காந்தம் எங்கே நிற்கிறது என்பதை வேகக் கட்டுப்பாட்டுக் கருவி கண்டுகொள்கிறது. மூன்றில் ஏதேனும் இரண்டை இடம் மாற்றிக் கோத்தால் மோட்டார் எதிர்த்திசையில் சுற்றும். அப்போது பம்ப் எண்ணெயை வால்வுகளின் பக்கம் தள்ளாது.

பம்பை எப்போதும் முழு வேகத்தில் ஓடவிட்டால் என்ன? வால்வுகள் எல்லாம் மூடியிருக்கும்போது எண்ணெய்க்குப் போக்கிடம் இருக்காது. அழுத்தத் தணிப்பு வால்வை முட்டித் திறந்துகொண்டு அது தொட்டிக்கே திரும்பும். நிமிடத்துக்கு ஒரு லிட்டர் இப்படிச் சுற்றினால் 40 வாட் திறன் வெறும் சூடாகும். வண்டியில் இருப்பதோ 100 மில்லிலிட்டர் எண்ணெய் என்றால், அது நிமிடத்துக்குச் சுமார் 15 டிகிரி ஏறும். பேட்டரியும் வீணாகக் கரையும்.

பெரிய வண்டி இதற்கு ஓர் உபாயம் வைத்திருக்கிறது. அதன் பம்பில் பல பிஸ்டன்கள் ஒரு சாய்தட்டின்மேல் சுழல்கின்றன. தட்டு அதிகம் சாய்ந்தால் பிஸ்டன்கள் நீள ஓடி நிறைய எண்ணெய் தள்ளும். நிமிர்ந்தால் எஞ்சின் அதே வேகத்தில் ஓடினாலும் எண்ணெய் வரத்து அடங்கிவிடும். இத்தனை நுட்பத்தைச் சின்ன வண்டிக்குள் அடைப்பது கடினம். எனவே மாதிரி வண்டி பம்பை அப்படியே விட்டுவிட்டு, மோட்டாரின் வேகத்தை மாற்றுகிறது.

அந்த வேகத்தை முடிவு செய்ய ரிமோட்டில் 'மிக்ஸிங்' என்றொரு வசதி உண்டு. லீவரை மேலே தள்ளினாலும் கீழே இழுத்தாலும் எண்ணெய் வேண்டும். அதனால் லீவருக்கும் பம்புக்கும் உள்ள உறவை வரைந்தால் 'வி' எழுத்தைப் போல இருக்கும். தேர்ந்தவர்கள் அந்த எழுத்தின் ஒரு காலைக் குட்டையாக்குவார்கள். கை இறங்கும்போது புவியீர்ப்பே பாதி வேலையைப் பார்த்துவிடுமே! கையும் பக்கெட்டும் சேர்ந்து அசைந்தால் இரண்டின் தேவையும் கூட்டப்படும். லீவர்கள் நடுவில் நின்றாலும் பம்பை முழுக்க நிறுத்தாமல் மெல்லச் சுழலவிடுவது பலரின் வழக்கம். நின்ற நிலையில் அந்த மூன்றாவது கம்பியில் மின்னழுத்தமே இராது. புறப்படும்போது மோட்டார் திக்கும்.

வண்டியின் மேல்பாகம் ஓயாமல் சுற்றினாலும் கம்பிகள் முறுக்கிக்கொள்வதில்லை. வழுக்கு வளையம் என்ற அமைப்பில், சுழலும் உலோக வளையங்களை நிலையான தொடுமுனைகள் உரசியபடியே மின்சாரத்தைக் கடத்துகின்றன. செயினையும் எண்ணெயால் ஓட்டும் வண்டிகளில், நடு அச்சில் வெட்டிய வளையக் காடிகள் எண்ணெய்க்கும் இதே வசதியைச் செய்கின்றன.

இவ்வளவும் சுருங்கியும் சுருங்காமல் நிற்பது மண். பக்கெட் பல்லின் நுனி தரும் அழுத்தமும் 14-இல் ஒரு பங்காகிவிட்டது. வெயிலில் இறுகிய செம்மண்ணின் உறுதியோ அப்படியே இருக்கிறது. உதிரி மணலை லாவகமாக அள்ளும் வண்டி, கட்டாந்தரையில் திணறும். பம்பின் அழுத்தத்தை 14 மடங்கு கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது. அப்போது மண் பெயராது. அதை ஊன்றித் தோண்டப் பார்க்கும் 8 கிலோ வண்டிதான் தரையைவிட்டு எழும்பும். கண்மாயில் மண்ணைப் பெயர்ப்பதில் பம்புக்கு எவ்வளவு பங்கோ, வண்டியை அசையாமல் பிடித்துவைக்கும் 22 டன் கனத்துக்கும் அவ்வளவு பங்கு உண்டு.