காலநிலை மாதத்தைச் சொல்லும். வானிலையே நாளைச் சொல்லும்: மலைப் பயணத்துக்கு முன் அறிய வேண்டியவை

புதுதில்லி: கடந்த 2013-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை ஜூன் 16-ஆம் தேதியே நாடு முழுவதும் பரவியது. இது வழக்கமான காலத்தைவிட ஏறத்தாழ ஒரு மாதம் முன்னதாகும். அதே ஜூன் 16, 17 தேதிகளில்தான் உத்தரகண்ட் மாநிலம் கேதார்நாத்தைப் பெருவெள்ளம் சூறையாடியது. யாத்திரைக் காலம் உச்சத்தில் இருந்த வேளையில் நேர்ந்த அந்தப் பேரிடரில், அம்மாநிலத்தில் 5,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர் அல்லது காணாமல் போயினர்.

மழைக்காலம் தீவிரமாகும் முன்பே தரிசனத்தை முடித்துவிடலாம் என்ற கணக்கு பல ஆண்டுகளில் பொருந்தி வந்த ஒன்றுதான். ஆனால், அந்த ஆண்டில் அது பொருந்தவில்லை. பயணத்தைத் திட்டமிடும்போது காலநிலையை மட்டுமின்றி வானிலையையும் தனியே ஆராய வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இரண்டும் ஒன்றல்ல

ஓர் இடத்தில் பொதுவாக 30 ஆண்டுகளில் பதிவான மழை, வெப்பம், காற்று ஆகியவற்றின் சராசரியே காலநிலை எனப்படுகிறது. குறிப்பிட்ட நாளில் அங்கு நிலவுவது வானிலை. எந்த மாதத்தில் செல்லலாம் என்பதைக் காலநிலை உணர்த்தும். நாளைக் காலை புறப்படலாமா என்பதை வானிலை முன்னறிவிப்பு மட்டுமே உணர்த்தும்.

தமிழகத்தின் பெரும் பகுதிகளில் அக்டோபர் முதல் டிசம்பர் வரையே முக்கிய மழைக்காலம். இமயமலை மாநிலங்களில் நிலைமை வேறு. அங்கு ஜூலை முதல் செப்டம்பர் நடுப்பகுதி வரை நிலச்சரிவு, திடீர் வெள்ளம் ஆகியவற்றின் அபாயம் மிகுதி. பருவமழை செப்டம்பர் 17 வாக்கில் வடமேற்கு இந்தியாவிலிருந்து விலகத் தொடங்குவது வழக்கம். அதன்பின் நவம்பர் வரை இமாசல பிரதேசம், உத்தரகண்டில் பெரும்பாலும் தெளிந்த வானம் காணப்படும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மேற்கத்திய இடையூறுகள் பனிப்பொழிவைக் கொண்டு வரும். அதே காலத்தில் வட இந்தியச் சமவெளிகளில் அடர்பனிமூட்டம் சூழ்வதால் விமானங்களும் ரயில்களும் தாமதமாவது வாடிக்கை.

சராசரியின் எல்லை

மாதத்தைத் தேர்வு செய்ய உதவும் சராசரி, அந்த மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும் உறுதி அளிப்பதில்லை. லடாக்கின் லே நகரம் இதற்கு மற்றோர் எடுத்துக்காட்டு. குளிர்ப் பாலைவனமான அங்கு ஆண்டு முழுவதும் பெய்யும் சராசரி மழையே சுமார் 100 மில்லி மீட்டர்தான். ஆயினும், 2010 ஆகஸ்ட் 5-ஆம் தேதி நள்ளிரவையொட்டிப் பெய்த பெருமழையும் அதனால் ஏற்பட்ட சேற்று வெள்ளமும் 200-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தன.

செல்லும் இடத்தின் காலநிலையை மட்டும் பார்ப்பதும் போதாது. லடாக்கில் மழை குறைவு என்று கருதி ஜூலையில் மணாலி வழியாகச் செல்வோர், முதலில் பருவமழை பெய்யும் பியாஸ் பள்ளத்தாக்கைக் கடந்தாக வேண்டும். 2023 ஜூலையில் பியாஸ் நதி பெருக்கெடுத்தபோது சண்டீகர்-மணாலி நெடுஞ்சாலை பல இடங்களில் அரித்துச் செல்லப்பட்டது. சுற்றுலாப் பயணிகள் ஆயிரக்கணக்கில் ஆங்காங்கே சிக்கிக் கொண்டனர்.

ஆபத்து மேலிருந்தும் வரலாம். 2023 அக்டோபர் 4-ஆம் தேதி சிக்கிமின் தெற்கு லோனாக் பனி ஏரி உடைந்து, தீஸ்தா நதியில் வெள்ளம் பாய்ந்தது. சுங்தாங் அணை அடித்துச் செல்லப்பட்டது. லாச்சென், லாச்சுங் செல்லும் பாதைகள் துண்டிக்கப்பட்டன. எனவே, தங்கும் ஊர், செல்லும் வழி, அந்த ஆற்றின் மேற்பகுதி ஆகிய மூன்றின் வானிலையையும் அறிய வேண்டியது அவசியம்.

எப்போது, எதைப் பார்ப்பது?

பயணத்துக்குச் சில மாதங்கள் முன்பு, அந்த மாவட்டத்தின் மாத வாரியான சராசரி மழையையும் வெப்பநிலையையும் பார்க்கலாம். இரு வாரங்களுக்கு முன்பு, இந்திய வானிலை ஆய்வு மையம் வியாழக்கிழமைதோறும் வெளியிடும் நீட்டிக்கப்பட்ட கால முன்னறிவிப்பு உதவும். இது பொதுவான போக்கை மட்டுமே காட்டும். குறிப்பிட்ட நாளில், குறிப்பிட்ட ஊரில் மழை பெய்யுமா என்பதைக் கூறாது.

ஐந்து நாள்களுக்கு முன்பிருந்து மாவட்ட வாரியான எச்சரிக்கைகளைத் தினமும் கவனிக்க வேண்டும். புறப்படும் நாளில், அடுத்த மூன்று மணி நேரத்துக்கான உடனடி முன்னறிவிப்பே முக்கியமானது. இவை ஆய்வு மையத்தின் இணையதளத்திலும் ‘மௌசம்’ செயலியிலும் கிடைக்கின்றன. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையத்தின் ‘சசேத்’ செயலி, இருப்பிடத்துக்கு ஏற்ற எச்சரிக்கைகளை அனுப்புகிறது.

கைப்பேசித் திரையில் தெரியும் வெப்பநிலை பெரும்பாலும் பள்ளத்தாக்கில் உள்ள ஊருக்கானது. பொதுவாக ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை சுமார் 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மணாலியில் 15 டிகிரி எனில், ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரமுள்ள ரோத்தங் கணவாயில் 2 டிகிரி அளவிலேயே இருக்கக்கூடும்.

சொற்களும் நிறங்களும்

முன்னறிவிப்பில் இடம்பெறும் சொற்களுக்குத் திட்டவட்டமான பொருள் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லி மீட்டர் வரை பெய்தால் கனமழை, 115.6 முதல் 204.4 வரை மிக கனமழை. அதற்கு மேல் அதி கனமழை. சிறு பரப்பில் ஒரு மணி நேரத்தில் 100 மில்லி மீட்டர் அளவுக்கு மழை கொட்டுவது மேகவெடிப்பு எனப்படுகிறது. அது நிகழும் இடத்தை முன்கூட்டியே துல்லியமாகக் கணிப்பது மிகக் கடினம்.

‘ஓரிரு இடங்களில் கனமழை’ என்ற அறிவிப்பைப் பலரும் லேசான மழை எனப் புரிந்துகொள்கின்றனர். அப்பகுதியில் உள்ள மழைமானி நிலையங்களில் 25 சதவீதம் வரையிலான இடங்களில் அம்மழை பெய்யக்கூடும் என்பதே அதன் பொருள். பரப்பு குறைவு என்பதால் மழையின் வேகமும் குறைவு என்று கருதிவிட முடியாது.

நிறங்களும் அப்படியே. பச்சை எனில் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் எனில் நிலைமையைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். ஆரஞ்சு எனில் பாதிப்பை எதிர்கொள்ளத் தயாராக வேண்டும். சிவப்பு எனில் உடனடியாக நடவடிக்கை எடுக்க வேண்டும். ஆரஞ்சு நிறத்திலேயே மலைப் பயணத்தை ஒத்திவைப்பது விவேகமானது.

ஒரு நாள் கூடுதலாக

எச்சரிக்கையை அறிந்த பிறகும் பலரைப் புறப்படச் செய்வது முன்பதிவுதான். திரும்பும் ரயில் நாளை மறுநாள், விடுதிக் கட்டணம் திரும்பக் கிடைக்காது, விடுப்பு முடிகிறது என்ற நெருக்கடியில் மழையிலும் மலைப்பாதையில் வாகனங்கள் ஏறுகின்றன. இதைத் தவிர்க்க, திட்டமிடும்போதே குறைந்தது ஒரு நாளைக் கூடுதலாக ஒதுக்குவதும், ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்கும் விடுதிகளைத் தேர்வு செய்வதும் நல்லது.

மழைக்காலத்தில் ஆற்றங்கரையையொட்டிய விடுதிகளையும் கூடாரங்களையும் தவிர்க்க வேண்டும். மலைப்பாதையில் இரவுப் பயணம் கூடாது. மழை நின்ற பிறகும் நீரில் ஊறிய சரிவுகள் சரியக்கூடும் என்பதால், சாலை திறக்கப்பட்டதாக மாவட்ட நிர்வாகம் அறிவிக்கும் வரை காத்திருப்பதே பாதுகாப்பானது. கூடுதலாக ஒதுக்கிய அந்த ஒரு நாள் இருந்தால், எச்சரிக்கையை மதித்துக் காத்திருப்பது இழப்பாகத் தோன்றாது.