ஒரு சொல்லுக்காகக் காத்திருப்போர்

கல்குடாக் கடலின் அமைதியைக் காண வருவோர் பலர். அக்கரையிலிருந்து சற்று உள்ளே வாழும் முதியவள் ஒருத்தியைச் சில காலத்துக்கு முன் சந்திக்க நேர்ந்தது. கணவனை வைத்தியசாலையொன்றிலே பறிகொடுத்தவள். அங்கு கொடுத்த கடதாசியை நீட்டி, வாசித்துச் சொல்லும்படி கேட்டாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்த நோயின் பெயரைச் சொன்னேன். அவள் வேண்டியது அதுவன்று. "ஊசி போட்டாப்பிறகு என்ன நடந்ததெண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் ஆறியிருப்பன், மனே" என்றாள்.

தவறு நிகழ்ந்ததா என்பதை நான் அறியேன், அவளும் அறியாள். அறிந்தவர் வாய்திறக்கவில்லை என்பதே அவள் துயரம்.

2023 செப்டெம்பரில், காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்றுவந்த எட்டு வயதுச் சிறுமியொருத்தி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் ஒரு கையை இழந்த செய்தி தமிழர் வாழும் இடமெங்கும் பேசப்பட்டது. விசாரணைகள் நடந்தன; விவகாரம் நீதிமன்றமும் சென்றது. இத்தகைய வேளைகளில் ஊர் வாய் ஓய்வதில்லை. வைத்தியசாலை விட்ட வெற்றிடத்தை வதந்தி நிரப்பிவிடுகின்றது. அதனாற் குற்றமற்ற தாதியரும் பழி சுமக்க நேர்கின்றது.

வழக்கு மன்றம் இதற்குப் பரிகாரமாகுமா? பேராசிரியர் பிரியாணி சொய்சாவுக்கு எதிராக ஒரு தந்தை தொடுத்த வழக்கை நம் சட்டத்துறையினர் நன்கறிவர். மூளைக்கட்டியால் அவர் மகள் இறந்தது 1992இல். கீழ்நீதிமன்றம் தந்தையின் பக்கம் தீர்த்தது. 2001இல் உயர் நீதிமன்றமோ, வைத்தியரின் செயலே மரணத்துக்குக் காரணமென்பது நிரூபிக்கப்படவில்லை எனக் கூறி அத்தீர்ப்பை மாற்றியது. இடையில் ஒன்பதாண்டுகள்! சட்டம் கேட்பது காரணத்தையும் இழப்பீட்டையுமே. பெற்றவர் மனம் கேட்பது வேறு.

அமெரிக்காவில், கெந்தக்கி மாநிலத்து லெக்சிங்டன் நகரில், முன்னாட் படைவீரர்களுக்கான வைத்தியசாலையொன்று இரு பெருவழக்குகளில் தோற்றபின், 1987 முதல் ஒரு விந்தையான வழியை மேற்கொண்டது. தவறு தங்களுடையதெனக் கண்டால், நோயாளர் கேட்குமுன் தாமே அழைத்துச் சொல்வது, மன்னிப்புக் கேட்பது, உரிய இழப்பீட்டையும் எடுத்துரைப்பது. அங்கு மாண்ட ஒரு பெண்மணியின் மக்கள் அவளைப் பிரிந்து வாழ்ந்தவர்கள். ஐயுற அவர்களுக்கு ஏதுவே இல்லை. மௌனமாக இருந்திருந்தால் உலகம் அறிந்திராது. எனினும் வைத்தியசாலை அவர்களை அழைத்து உண்மையைச் சொன்னது. இந்த அனுபவத்தை வைத்தியர் ஸ்டீவ் கிராமன் முதலியோர் 1999இல் வெளியிட்டபோது, பலரும் அஞ்சியவாறு அந்நிலையம் திவாலாகிவிடவில்லை; ஒத்த வைத்தியசாலைகளின் செலவை ஒட்டியே அதன் இழப்பீட்டுச் செலவும் இருந்தது.

இங்கிலாந்திலே இது சட்டக் கடமையாயிற்று. ஸ்டாபோர்ட் வைத்தியசாலையின் அவலங்களை ஆராய்ந்து ரொபேர்ட் பிரான்சிஸ் 2013இல் அளித்த அறிக்கையின் பின், 2014இல் அது விதியாக்கப்பட்டது. மன்னிப்புக் கேட்பது மட்டும் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது என்பதை அந்நாட்டுச் சட்டம் 2006லேயே தெளிவாக்கியிருந்தது. அந்தப் பாதுகாப்பு இன்றியமையாதது. வைத்தியரும் மனிதரே, இரவெல்லாம் விழித்துப் பணியாற்றியவரை உண்மை பேசியதற்காகவே தண்டித்தால், அடுத்தவர் பேசுவாரா?

மொழியையும் மறந்துவிடலாகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவங் கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். மட்டக்களப்பிலே இன்று பயிலும் கிழக்குப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர், "சிக்கல்" என்று கூறி நழுவாமல், எந்த மருந்து, எத்தனை மணிக்கு, எதனால் மாறிப்போயிற்று என்று ஓர் ஏழைத் தாய்க்கு விளங்கும் தமிழிற் சொல்லப் பழகவேண்டும். வாசலில் நிற்கும் சிற்றூழியரை அனுப்பிச் சொல்விப்பது போதாது. சிகிச்சையளித்தவரே வந்து, உறவினரை உட்காரவைத்து, முதல் நாளிலேயே பேசவேண்டும். இன்னும் அறியப்படாததை அறியவில்லையென்றே சொல்லலாம். விசாரணை முடிந்ததும் அதன் முடிவோடு மீண்டும் அவர்களை அழைக்கவேண்டும். கல்குடாவிலிருந்து மட்டக்களப்புக்கு பஸ் ஏறி வருவது அவர்களுக்குப் பெரிதல்ல. அந்த முதியவள் இப்போதும் வரச் சித்தமாயிருக்கிறாள்.