மேட்டுநிலப் பயிரும் விதைக்குங் காலமும்

குளத்துப் பாய்ச்சல் இல்லாத உலர் வலய மேட்டுநிலங்களில் மழையை நம்பியே கமக்காரர் பயிரிடுகின்றனர். அம்மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரையுள்ள பெரும்போகத்திலே பெய்து முடிந்துவிடுகின்றது. மழை தொடங்கியபின் வீணாகப் போக்கும் ஒவ்வொரு வாரமும், தை மாசியில் மணி முற்றும் வேளையில் பயிர் வாடும் வாரமாக முடியும்.

அநுராதபுர மாவட்டத்து மகா இலுப்பள்ளம் ஆராய்ச்சி நிலையத்தில் மானாவாரிப் பயிர்ச்செய்கை 1950 களிலிருந்தே ஆராயப்பட்டு வருகின்றது. பயிர் தவறுவதற்கு மழைக்குறைவு மட்டுமன்றி, கிடைத்த மழையைத் தவறவிடுவதும் காரணமாகும் என்பதே அவ்வாராய்ச்சி கற்பிக்கும் பாடம்.

மண்ணின் இயல்பு

உலர் வலயத்திற் பரந்து காணப்படும் செங்கபில மண் காய்ந்தால் கல்லைப்போல் இறுகும். நன்கு நனைந்தால் கலப்பையில் ஒட்டிக்கொள்ளும். உழவுக்கேற்ற பதம் சில நாட்களே நிற்கும். மழை வந்தபின் உழவு இயந்திரத்தைத் தேடி அலைபவர் அந்நாட்களை இழந்துவிடுவர். அன்றியும், நீண்ட கோடையின்பின் பெய்யும் முதல் மழைகளின்போது மண்ணிலுள்ள நைதரசன் பயிர் உட்கொள்ளத்தக்க நிலையை அடைகின்றது. அவ்வேளையில் நிலத்திற் பயிரின் வேர் இல்லாவிடின், பின்வரும் பெருமழை அதைக் கழுவிச் சென்றுவிடும். எஞ்சியதைக் களைகள் உண்ணும்.

செய்யவேண்டியவை

1. புரட்டாதிக்கு முன்னரே நிலத்தைத் துப்புரவாக்குக. இடைமழை கிடைக்கும்போது சரிவுக்குக் குறுக்காக முதல் உழவை முடித்துக்கொள்க. விதையையும் பசளையையும் முன்னதாகவே சேகரித்து வைத்துக்கொள்க.

2. முதற் தூறலைக் கண்டதும் விதைத்தலாகாது. முளைத்தபின் வெயில் எறித்தால் விதை முழுவதும் நட்டமாகும். மண்வெட்டியால் வெட்டிப் பார்த்து, ஒரு சாண் ஆழத்துக்கு ஈரம் இறங்கியிருப்பின் தாமதியாது விதைக்க.

3. எல்லாப் பயிரையும் ஒரே நாளில் விதைத்தல் கூடாது. ஏறக்குறைய மூன்றரை மாதம் நிற்கும் சோளத்தையும் நிலக்கடலையையும் முதலில் விதைக்க வேண்டும். பயறு, உழுந்து ஆகியவற்றின் நெற்றுகள் முற்றும்பொழுது மழை பெய்தால் மணிகள் பூஞ்சணம் பிடித்தும் முளைத்தும் கெட்டுவிடும். ஆதலின் அவற்றை ஐப்பசிப் பிற்பகுதியிலோ கார்த்திகைத் தொடக்கத்திலோ விதைத்தல் நன்று. மகா இலுப்பள்ளத்தில் உருவாக்கப்பட்ட எம்.ஐ. 5, எம்.ஐ. 6 ஆகிய பயறு வர்க்கங்கள் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் விளைவதால் இம்முறைக்கு ஏற்றவை.

4. வரிசைகளுக்கிடையே வைக்கோலையோ கிளிரிசிடியா இலைகளையோ பரப்புக. இது மழைத்துளி மண்ணைக் கரைப்பதையும் ஈரம் ஆவியாவதையும் குறைக்கும்.

ஆராய்ச்சி நிலையத்து முடிவு தமது நிலத்துக்கும் பொருந்துமோ என ஐயுறுவோர் இவ்வாண்டு சோளத்திற் கால் ஏக்கரை மட்டும் முந்தி விதைத்துப் பார்ப்பாராக. அருகில் வழக்கம்போல் விதைத்த கால் ஏக்கரின் விளைவை வேறாக நிறுத்து, இரண்டையும் ஒப்பிட்டுக் கொள்ளலாம். விதைத்த நாளையும் மழை பெய்த நாட்களையும் ஒரு கொப்பியிற் குறித்துவைத்து உங்கள் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுக. அடுத்த போகத்துக்குரிய நாளை அவ்விடத்து மழைக்கும் மண்ணுக்கும் ஏற்பத் தீர்மானிக்க அக்குறிப்பு பெரிதும் உதவும்.