மாத்திரைக்கும் மண்ணுக்கும் நடுவே

சிங்கப்பூரின் பழைய கடைவீடுகளில் பின்சந்தைப் பார்த்தபடி ஒரு சிறு கதவு இருக்கும். துப்புரவுத் தொழிலாளர் அதைத் திறந்து, நிரம்பிய மலவாளியை எடுத்துக்கொண்டு காலி வாளியை வைத்துவிட்டுப் போவார். அந்த ஏற்பாடு 1987இல்தான் முற்றாக ஒழிந்தது. இன்று தேக்காவில் வளரும் பிள்ளைக்கு வயிற்றுப் பூச்சித் தொல்லை வந்தால் மருந்துக்கடையோடு முடிந்துவிடும். ஜொகூர் பாலத்தைத் தாண்டினால் நிலைமை வேறு.

மலேசியாவின் பகாங், பேராக், கிளந்தான் காடுகளை ஒட்டி வாழும் ஒராங் அஸ்லி பூர்வகுடிகளிடம் குடற்புழு இன்னும் தீரவில்லை. மலத்தோடு வெளியேறும் உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் ஈரமண்ணில் சில வாரங்கள் முதிர்ந்து, அழுக்குக் கை வழியாக வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவின் இளம்புழுவோ வெறுங்காலின் தோலைத் துளைத்து நுழைகிறது. குடற்சுவரைக் கவ்வி இரத்தம் உறிஞ்சுகிறது. பிள்ளைகள் சோகை பிடித்து, வளர்ச்சி குன்றி, வகுப்பில் சோர்ந்து கிடக்கிறார்கள்.

மருந்து எளியது: அல்பென்டசோல், 400 மில்லிகிராம், ஒரே மாத்திரை. உருண்டைப்புழு அதற்குப் பணிந்துவிடும். சாட்டைப்புழு அப்படியல்ல, நூல்போன்ற தலைப்பகுதியைக் குடற்சுவருக்குள் செருகிக்கொண்டிருப்பதால், பல சமயம் மூன்று நாள் மருந்து தேவைப்படுகிறது. ஐவர்மெக்டினைச் சேர்த்துக் கொடுத்தால் பலன் கூடும்.

மலேசியா 1974இல் தொடங்கிய குடற்புழு நீக்கத் திட்டம் 1983இல் நின்றுபோனது. அதற்குப் பின் பகாங்கின் போஸ் பெத்தாவ் பகுதியில் ஆய்வாளர்கள் மூன்று நாள் மருந்து கொடுத்து ஒராங் அஸ்லி மாணவர்களைக் கவனித்தார்கள். ஆறே மாதத்தில் பெரும்பாலானவர்களின் வயிற்றில் மறுபடியும் புழு! மாத்திரை உள்ளே இருப்பதைக் கொல்லுமே தவிர, அடுத்த தொற்றைத் தடுக்காது.

தமிழ்நாட்டின் ஜவ்வாது மலையிலும் பழங்குடியினர் இதே துன்பத்தைச் சுமக்கிறார்கள். 2015 முதல் நடக்கும் தேசிய குடற்புழு நீக்க நாளில் 1 முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்கு மாத்திரை கிடைக்கிறது. ஆனால் கொக்கிப்புழு பெரியவர்களையும் விடுவதில்லை. அவர்கள் வழியே மண்ணில் முட்டை விழுந்துகொண்டே இருக்கும். எனவே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பெனின், மலாவி நாடுகளோடு சேர்ந்து நடத்திய ஆய்வில், ஜவ்வாது மலையிலும் திமிரி வட்டாரத்திலும் தேர்ந்தெடுத்த பகுதிகளில் வீடுவீடாகப் போய், ஆண்டுக்கு இருமுறை, மூன்று ஆண்டுகள், பெரியவர்களுக்கும் மருந்து கொடுத்தது.

ஒராங் அஸ்லி ஊர்களிலும் மருந்து வீட்டிலுள்ள எல்லோருக்கும் போய்ச்சேர வேண்டும். அதோடு தண்ணீர் வசதியுள்ள கழிப்பறையும் பிள்ளைகளின் காலுக்குச் செருப்பும் வர வேண்டும். சிங்கப்பூர் வாளியை ஒழித்ததுபோல, அங்கும் மலம் மண்ணில் விழாத ஏற்பாட்டை அரசுகள் செய்தாக வேண்டும்.