வயிற்றுத் தையல் ஏன் பிரிகிறது?

அண்ணாமலைநகர் பெரிய ஆஸ்பத்திரிக்கு இப்போ கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைன்னு பேர். சிதம்பரத்துக்காரங்களுக்கு அது இன்னும் ராஜா முத்தையாதான். குடலில் ஓட்டை விழுந்து, வயிறு பலகை மாதிரி இறுகி, ராத்திரியில் இந்த மாதிரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவரப்படும் நோயாளியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். நடுவயிற்றைத் திறந்து சரிசெய்த பிறகு மூடியாக வேண்டும். மூடுறதுலதான் சிக்கல்.

தையல் பிரிஞ்சுதுன்னா நூல் அறுந்துடுச்சுன்னு நினைப்போம். பெரும்பாலும் நூலும் முடிச்சும் அப்படியே இருக்கும். தசையைப் போர்த்திய கெட்டியான உறைதான் கிழிந்திருக்கும். அவிச்ச முட்டையை நூலால் அறுக்கிற மாதிரி.

அந்த உறை பலம் பெற மாதங்கள் ஆகும். பழைய கேட்கட் நூல் சில வாரத்திலேயே கரைந்துவிடும். புரோலீன் கரையாது, ஆனால் ஒல்லியான ஆளுக்கு அதன் முடிச்சு தோலுக்கடியில் குத்தும், சிலருக்கு அங்கே சீழ் வைத்து ஆறாமல் ஒழுகும். தனித்தனியாக முடிச்சுப் போட்டால் ஒன்று போனாலும் மற்றவை தாங்கும், ஆனால் நேரம் பிடிக்கும். இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டம் தடைப்படும். ஒரே நூலாக ஓட்டித் தைத்தால் வேகம், இழுவையும் பரவும். ஆனால் ஒரு முடிச்சு நழுவினால் வரிசை முழுக்கத் தளரும்.

1976-ல் ஜென்கின்ஸ் என்ற மருத்துவர் ஒரு கணக்குச் சொன்னார்: காயத்தின் நீளத்தைப் போல நாலு மடங்கு நூல் செலவாகியிருக்கணும். ஆபரேஷனுக்குப் பிறகு வயிறு உப்பும்போது காயமும் நீளும். நூலில் மிச்சம் இல்லையென்றால் அது உறையை அறுக்கும். நூலுக்கு அளவெடுக்க ஒரு ஸ்கேல் போதும், இருந்தும் பல இடங்களில் கண் மதிப்புதான்.

2015-ல் லான்செட்டில் வந்த நெதர்லாந்து ஆய்வு, ஒரு சென்டிமீட்டர் இடைவெளிக்குப் பதில் 5 மில்லிமீட்டரில் நெருக்கமாகத் தைத்துப் பார்த்தது. 560 பேர். ஒரு வருடத்தில் தழும்பில் குடலிறக்கம் 21 சதவீதத்திலிருந்து 13 ஆகக் குறைந்தது. நல்ல சேதிதான். ஆனால் அவர்கள் எல்லாரும் தேதி குறித்து ஆபரேஷனுக்கு வந்தவர்கள். சீழ் பிடித்த வயிறு, ரத்தசோகை, விடாத இருமலோடு ராத்திரி வருகிறவருக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்த முடியாது என்பது என் எண்ணம். மூட்டை தூக்கிப் பிழைக்கிற ஆளுக்குக் குடலிறக்கம் வந்தால் வேலையே போச்சு.

வீட்டுக்காரங்க கவனிக்க வேண்டிய அடையாளம் ஒன்று உண்டு. தைத்து ஒரு வாரம் வாக்கில், கட்டு திடீரென்று ரத்தம் கலந்த வெளிர் சிவப்பு நீரில் நனைந்தால், உள் தையல் பிரிகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். தோல் மேலே ஒட்டியே இருக்கும். கட்டை மாத்திட்டு விடியட்டும்னு காத்திருக்காம உடனே டாக்டரைக் கூப்பிடுங்க.