உஷார்! நிழல் தட்டிய காசெல்லாம் 'டபுள் டை' இல்லை

'அபூர்வமான டபுள் டை, இது ஒண்ணுதான் இருக்கு' என்று யாராவது ஓர் அமெரிக்க சென்ட்டை உங்கள் முன் நீட்டினால், முதலில் வெளியே வர வேண்டியது லென்ஸ். பர்ஸ் அல்ல.

நான் மாற்றிச் செய்து மாட்டிக்கொண்டவன். நாணயக் கண்காட்சி ஒன்றில் 1955 லிங்கன் சென்ட். கடைசி 5-ஐ ஒட்டி மெல்லிய நிழல். கேட்ட விலை நிஜ விலையில் கால்வாசிகூட இல்லை. அங்கேயே சுதாரித்திருக்க வேண்டாமா? வீட்டில் 10 மடங்கு லூப்பில் பார்த்தால் நிழல் அந்த ஓர் எண்ணோடு நின்றுவிட்டது. தேய்ந்துபோன டையில், அதாவது காசு அடிக்கும் அச்சில், அடித்த காசு. அமெரிக்காவில் இதற்கு 'ஏழையின் டபுள் டை' என்றே கேலிப்பெயர் உண்டு.

நிஜமான 1955-க்கு லென்ஸே தேவையில்லை. வருடம், 'லிபர்ட்டி', தலைக்கு மேலே ஓடும் 'இன் காட் வி ட்ரஸ்ட்' எல்லாமே வெறுங்கண்ணுக்கு இரண்டிரண்டாகத் தெரியும். அந்தக் காலத்தில் ஹப் எனும் மூல அச்சை டையில் ஒரே அழுத்தில் முழுதாகப் பதிக்க முடியாது. ஒருமுறை அழுத்தி, இறுகிப்போன எஃகைச் சூடேற்றி இளக்கி, மறுபடி அழுத்துவார்கள். இரண்டாவது தடவை இம்மி திரும்பினாலும் போச்சு, டையிலேயே உருவம் இரட்டித்துவிடும். அதுதான் 'டபுள் டை'. பிறகு அதில் அடிக்கிற ஒவ்வொரு காசும் அச்சு அசலாக அதே கோளாறோடுதான் பிறக்கும். பிலடெல்பியா நாணயசாலையிலிருந்து அப்படி 20,000-க்கு மேல் வெளியே போயின. சிகரெட் மெஷினில் 25 சென்ட் போட்டால் 23 சென்ட் பாக்கெட்டும், அதன் உறைக்குள் மீதி 2 சென்ட்டும் வரும். பலருக்கு அதிர்ஷ்டம் அப்படித்தான் வந்தது. பிலடெல்பியா காசு என்பதால் வருடத்துக்குக் கீழே நாணயசாலையைக் குறிக்கும் எழுத்து கிடையாது. 'டி'யோ (D) 'எஸ்'ஸோ (S) இருந்தால் அது இந்தக் காசே இல்லை.

அதிகம் பேரைக் கவிழ்ப்பது 'மெஷின் டபுளிங்'. காசு அடிபடும் கணத்தில், தளர்ந்த டை லேசாக அசைந்து எழுத்தின் ஓரத்தை நசுக்கிவிடும். லென்ஸில் பாருங்கள்: ஓரத்தில் படிக்கட்டுபோலத் தட்டையாக, பளபளவென்று ஒரு விளிம்பு. அந்த அளவுக்கு எழுத்து இளைத்திருக்கும். டபுள் டையில் இரண்டு உருவமும் உருண்டு திரண்டு நிற்கும், எழுத்தின் முனை பிளந்திருக்கும், எழுத்து பருத்திருக்கும். இளைத்தது வெறும் சில்லறை, பருத்ததுதான் பணம்!

சான்பிரான்சிஸ்கோ நாணயசாலையின் 1969 'எஸ்' டபுள் டை சென்ட்டில் இன்னொரு பிடி இருக்கிறது. அந்த 'எஸ்' எழுத்தை, ஹப் பதித்து முடித்த டையில் தனியாகக் கையால் அடித்தார்கள். ஆகவே அசலில் வருடமும் வாசகமும் இரட்டையாக இருக்கும், 'எஸ்' ஒற்றையாகவே இருக்கும். 'எஸ்'ஸும் இரட்டித்தால் நடையைக் கட்டுங்கள். அந்த வருடத்துப் பிலடெல்பியா சென்ட்டில் இருவர் இரட்டிப்புப் போலி அடித்து மாட்டினார்கள். அந்தக் களேபரத்தில் அரசின் 'சீக்ரெட் சர்வீஸ்' துறை அசல் 1969 'எஸ்' காசுகளையும் போலி என்று பறிமுதல் செய்த கூத்தும் நடந்தது.

1955-க்கும் போலிகள் மலிந்துவிட்டன. பின்பக்கம் 'சென்ட்' என்ற சொல்லின் 'டி' (T) எழுத்தைப் பாருங்கள். அதன் இடது கைக்குக் கீழே, டையை மெருகேற்றியபோது விழுந்த மெல்லிய செங்குத்துக் கீறல்கள் அசலில் தெரியும். எடையும் 3.11 கிராமை ஒட்டி இருக்க வேண்டும்.

பிசிஜிஎஸ், என்ஜிசி போன்ற நாணயச் சான்று நிறுவனங்கள் முத்திரையிட்ட பெட்டிக்குள் காசு இருந்தால் கவலையில்லை என்று நினைக்கிறீர்களா? பெட்டியிலும் போலி வருகிறது. மேலே உள்ள சான்று எண்ணை அந்த நிறுவனத்தின் தளத்தில் போட்டு, அங்கே படம் இருந்தால் கையிலிருக்கும் காசோடு கீறலுக்குக் கீறல் ஒப்பிடுங்கள். வீட்டுக்குப் போய் அல்ல, கடையில் நின்றபடியே.