குணா குகையும் குப்பைச் செய்தியும்

பழனி மலைத்தொடரில் கொடைக்கானலையடுத்த குணா குகை, 1991-இல் வெளிவந்த ‘குணா’ திரைப்படத்தால் பெயர் பெற்றது. 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ வந்தபின் அதனைப் பற்றிய காணொளிகள் யூடியூபில் பெருகின. அவற்றுள் ஒன்றை மாணவரோடு நாம் கண்டபோது, குகையின் ஆழத்தை வினவியோரைவிட, ‘வீட்டிலிருந்தே பொருளீட்டலாம்’ என அழைத்தோரே கீழே மிகுந்திருந்தனர். ஸ்பேம் எனப்படும் இக்குப்பைச் செய்திகள் நீக்க நீக்க முளைப்பதேன்?

அனுப்புவோனுக்குச் செலவு இல்லாமையே முதற்காரணம். கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர் 2008-இல் மின்னஞ்சற் குப்பையைக் கணக்கிட்டனர். ஏறத்தாழ 35 கோடி அஞ்சல்களால் நிகழ்ந்த விற்பனை 28 மட்டுமே! காணொளியின் கீழும் கணக்கு இதுவே. கூட்டம் கூடுமிடத்தில் ஒரு சிலர் சிக்கினாற் போதும். அச்சிலருள் வேலை தேடும் நம் மாணவரும் இருக்கலாம்.

மற்றொன்று எழுத்து மாறாட்டம். தமிழாசிரியரான நம்மை ஈர்ப்பது இதுவே. தமிழ் எண்ணாகிய ‘௧’வும் ககரமும் நம் கண்ணுக்கு ஒன்றே, கணினிக்கோ வெவ்வேறு குறியீடுகள். இவ்வாறே சிறப்புக் குறிகளைக் கலந்து, புகழ்பெற்ற சேனல்களின் பெயரிலேயே போலிகள் தோன்றின. 2022 சூலையில் யூடியூப் பெயர்களில் அக்குறிகளைக் கட்டுப்படுத்தியது. சந்தாதாரர் தொகையை மறைக்கும் வசதியையும் நீக்கியது. சல்லடையை இன்னும் நெருக்கினாலோ, ஆங்கில எழுத்தில் தமிழை எழுதிக் குகைக்கு வழி கேட்கும் மாணவனின் வினாவும் அதிற் சிக்கிவிடக்கூடும்.